தசை நோயும் இரண்டு எழுத்துகளும் - ஒரு வரலாறு

மனித உடலில் 600க்கும் மேற்பட்ட எலும்புத் தசைகள் இருக்கின்றன. நாற்காலியை விட்டு எழுவது, தலை வாருவது, மாடிப்படி ஏறுவது எல்லாம் இவற்றின் வேலை. இந்தத் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனால் என்ன ஆகும்? கையைத் தூக்கிச் சட்டை மாட்ட முடியாது. தரையில் உட்கார்ந்தால் பிடிமானம் இல்லாமல் எழ முடியாது. சிலருக்குச் சோறு விழுங்குவதே கஷ்டமாகிவிடும்.

இதற்குத் தசை அழற்சி நோய் என்று பெயர். மருத்துவர்கள் மயோசைட்டிஸ் என்பார்கள். கிருமிகளை எதிர்த்து நிற்க வேண்டிய உடலின் பாதுகாப்புப் படையே தசைகளைத் தாக்குவதால் வருவது. வேலியே பயிரை மேய்ந்த கதை!

அரிதான நோய் தான். ஆனால் இதன் வரலாறு சுவாரஸ்யமானது. முதல் நூறு ஆண்டுகள் மருத்துவர்கள் கண்ணால் பார்த்ததை வைத்தே இந்த நோய்க்குப் பெயர் வைத்தார்கள். 1970களுக்குப் பிறகு நோயாளியின் இரத்தத்தில் இருந்த சில புரதங்கள் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கலைத்துப் போட்டன. அந்தப் புரதங்களுக்கு வைக்கப்பட்ட பெயர்கள் தான் இன்னும் வேடிக்கை. பலவும் யாரோ ஒரு நோயாளியின் பெயரிலிருந்து எடுத்த இரண்டு எழுத்துகள்!

ஜெர்மனியில் தொடக்கம்

1863ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் வாக்னர் என்ற மருத்துவர் ஓர் அபூர்வமான தசை நோயைப் பற்றி எழுதினார். 1880களின் பிற்பகுதியில் பாலிமயோசைட்டிஸ் என்ற பெயர் மருத்துவ ஏடுகளில் வரத் தொடங்கியது. பல தசைகளில் அழற்சி என்பது தான் அதன் பொருள். 1891ல் ஹைன்ரிஷ் உன்ஃபெரிஷ்ட் என்ற இன்னொரு ஜெர்மானிய மருத்துவர் தோலும் சேர்ந்து பாதிக்கப்படும் வகைக்கு டெர்மடோமயோசைட்டிஸ் என்று பெயர் வைத்தார். கண் இமைகளில் ஊதா நிறம் படரும், விரல் முட்டிகளின் மேல் சிவந்த தடிப்புகள் வரும். தமிழில் தோல்-தசை அழற்சி எனலாம்.

ஆக, தோலில் தடிப்பு இருந்தால் ஒரு பெயர், இல்லாவிட்டால் இன்னொரு பெயர். நோய் ஏன் வருகிறது, யாருக்கு எந்தத் திசையில் போகும் என்பதெல்லாம் அந்தப் பெயர்களில் இல்லை.

1916ல் ஸ்டெர்ட்ஸ் என்ற மருத்துவர் தோல்-தசை அழற்சியும் இரைப்பைப் புற்றுநோயும் ஒரே நோயாளியிடம் சேர்ந்து இருந்ததைப் பதிவு செய்தார். அதன் பிறகு இதே போன்ற செய்திகள் வந்துகொண்டே இருந்தன. ஆனால் எல்லா நோயாளிகளுக்கும் புற்றுநோய் வரவில்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியும் இல்லை. இந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்க 90 ஆண்டுகள் ஆயின.

"தன்னைத் தானே தாக்காது"

கிருமி ஏதாவது உள்ளே நுழைந்தால் அதைப் பிடிக்க உடல் தயாரிக்கும் புரதத்துக்கு எதிர்ப்பொருள் என்று பெயர். ஆன்டிபாடி என்றால் எல்லோருக்கும் தெரியும். உடல் தன் சொந்தப் பொருளுக்கு எதிராகவே இதைத் தயாரித்தால் அது தன்னெதிர்ப்பொருள்.

அப்படி நடக்குமா? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால் எர்லிக் ஆடுகளின் உடலில் வேறு ஆடுகளின் இரத்தத்தைச் செலுத்திப் பார்த்தார். பிற ஆடுகளின் இரத்த அணுக்களை அழிக்கும் எதிர்ப்பொருள்கள் உருவாயின. தன் சொந்த அணுக்களை அழிப்பவை உருவாகவில்லை. உடல் தன்னைத் தானே நஞ்சூட்டிக்கொள்ள அஞ்சுகிறது என்று அவர் முடிவு கட்டினார். 1908ல் நோபல் பரிசு பெற்ற மேதை சொன்ன பிறகு மறுத்துப் பேசுவோர் குறைவு. அரை நூற்றாண்டுக் காலம் பெரும்பாலானோர் அதையே நம்பினார்கள்.

1956ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் நோயல் ரோஸும் எர்ன்ஸ்ட் விடெப்ஸ்கியும் முயல்களுக்கு முயலின் தைராய்டு சாற்றையே ஊசி மூலம் செலுத்தினார்கள். முயல்களின் உடல் தன் தைராய்டையே தாக்கத் தொடங்கியது. எர்லிக் காலத்து நம்பிக்கை உடைந்தது. அடுத்த ஆண்டே ஜார்ஜ் ஃப்ரீயோ, நோயாளியின் இரத்தத்தில் செல் உட்கருவைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று ஒளிரும் சாயத்தைக் கொண்டு கண்டறியும் முறையை வெளியிட்டார். இன்று ஆய்வகங்களில் ஏ.என்.ஏ. சோதனை என்று எழுதிக் கொடுப்பது இதன் வழிவந்தது தான்.

1975: ஐந்து அம்சங்கள்

1975ல் ஆண்டனி போகன், ஜேம்ஸ் பீட்டர் இருவரும் தசை அழற்சியை உறுதி செய்ய ஐந்து அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியல் தந்தார்கள்.

1. தோள், இடுப்புப் பகுதிகளில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பலவீனம்.
2. தசையில் ஒரு துண்டு எடுத்துப் பார்த்தால் அழற்சியின் அடையாளம்.
3. இரத்தத்தில் தசை நொதிகளின் அளவு உயர்வு.
4. தசையின் மின் பரிசோதனையில் மாற்றம்.
5. தோலில் குறிப்பிட்ட வகைத் தடிப்பு.

எளிய பட்டியல். உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகள் பயன்பட்டது. ஆனால் இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, தன்னெதிர்ப்பொருள் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை. இரண்டு, தோலில் தடிப்பு இல்லாத எல்லோரும் பாலிமயோசைட்டிஸ் என்ற ஒரே கூடைக்குள் விழுந்தார்கள்.

வணிகவியல் படித்தவர்களுக்கு அனாமத்துக் கணக்கு தெரிந்திருக்கும். இருப்பாய்வின் இரண்டு பக்கமும் ஒத்துப் போகாவிட்டால் வித்தியாசத் தொகையைத் தற்காலிகமாகப் போட்டு வைக்கும் கணக்கு அது. பிழை எங்கே என்று தெரிந்ததும் அந்தத் தொகை சரியான கணக்குக்குப் போய்விடும். பாலிமயோசைட்டிஸ் என்ற பெயரும் மருத்துவத்தின் அனாமத்துக் கணக்காகவே இருந்தது. அதை ஒவ்வொரு பதிவாகத் தீர்த்தவை தான் இந்த இரண்டு எழுத்துகள்.

மி, ஜோ...

ரோஸும் விடெப்ஸ்கியும் முயல்களை வைத்து ஆராய்ந்த அதே பஃபலோ நகரில் 1970களில் மோரிஸ் ரைக்லின் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் இருந்தார். அந்தக் காலச் சோதனை முறை எளிமையானது. கண்ணாடித் தகட்டில் கூழ் போன்ற பொருளை ஊற்றி, சிறு சிறு குழிகள் வெட்டுவார்கள். ஒரு குழியில் கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பிச் சாறு, பக்கத்துக் குழியில் நோயாளியின் இரத்தநீர். இரண்டும் கூழுக்குள் ஊறி ஒன்றை ஒன்று சந்திக்கும். பொருந்தினால் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு தோன்றும். பிடிபட்ட பொருள் என்ன என்று தெரியாது. ஏதோ ஒன்று இருக்கிறது, அவ்வளவு தான் தெரியும்.

தெரியாத பொருளுக்கு என்ன பெயர் வைப்பது? முதலில் எந்த நோயாளியிடம் கிடைத்ததோ அவர் பெயரின் எழுத்துகளை வைத்துவிட்டார்கள். 1976ல் ரைக்லினும் மார்கோ மத்தியோலியும் மி-2 எதிர்ப்பொருளை விவரித்தார்கள். 1980ல் மசனோரி நிஷிகாயும் ரைக்லினும் ஜோ-1 எதிர்ப்பொருளை விவரித்தார்கள்.

மி-2 உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் தோலில் தடிப்பு தெளிவாக இருக்கும், நுரையீரல் பாதிப்பு குறைவு, சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். ஜோ-1 உள்ளவர்கள் கதை வேறு. 1983ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் அவர்களில் பலருக்கு நுரையீரல் இறுகிப் போவதைக் காட்டினார்கள். பெரியவர்களில் தசை அழற்சி உள்ள ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் ஜோ-1 இருக்கிறது.

கூழில் தோன்றிய ஒரு கோடு, 'இவருடைய நுரையீரலைப் பார்' என்று சொல்லிவிட்டது! பழைய ஐந்து அம்சப் பட்டியலால் இதைச் சொல்ல முடிந்ததில்லை.

சரக்கு ஏற்றும் நொதி

ஜோ-1 உண்மையில் எதைத் தாக்குகிறது? அதே 1983ல் மைக்கேல் மேத்யூஸ், ராபர்ட் பெர்ன்ஸ்டைன் இருவரும் 'நேச்சர்' இதழில் விடையை வெளியிட்டார்கள்.

செல்லுக்குள் புரதம் தயாராகும் இடத்துக்கு அமினோ அமிலங்களைச் சுமந்து செல்லும் சிறு வண்டிகள் உண்டு. டி.ஆர்.என்.ஏ. என்று பெயர். எந்த வண்டியில் எந்தச் சரக்கு ஏற வேண்டும் என்பதில் தவறு நடக்கக் கூடாது. ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனி ஏற்றுமதிக் கூலியாள் மாதிரி ஒரு நொதி இருக்கிறது. சின்தெட்டேஸ் என்று பெயர். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஏற்றும் நொதி தான் ஜோ-1 எதிர்ப்பொருளின் குறி. நோயாளியின் எதிர்ப்பொருளைச் சேர்த்தால் அந்த நொதியின் வேலை தடைப்பட்டது.

உடம்பின் எல்லாச் செல்களிலும் இருக்கும் நொதி அது. தசைக்கு மட்டும் சொந்தமானது அல்ல. பிறகு ஏன் தசையும் நுரையீரலும் மட்டும் மாட்டிக்கொள்கின்றன? இந்தப் புதிர் இன்னும் முழுதாக அவிழவில்லை.

தொடர்ந்து அண்ணன் தம்பிகள் கிடைத்தார்கள். பிஎல்-7 எதிர்ப்பொருள் திரியோனின் ஏற்றும் நொதியைத் தாக்குகிறது என்று 1984ல் தெரிந்தது. பிஎல்-12 அலனின் நொதியைத் தாக்குகிறது என்று 1986ல் தெரிந்தது. 1990ல் ஓஜே, ஈஜே, 1999ல் கேஎஸ். ஒரு நோயாளியிடம் பொதுவாக இவற்றில் ஒன்று மட்டுமே இருக்கும் என்பது இன்னொரு வியப்பு.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான அடையாளங்கள் உண்டு. நுரையீரல் பாதிப்பு, மூட்டு வலி, காய்ச்சல், குளிரில் விரல்கள் வெளுத்துப் போவது, விரல் ஓரங்களில் தோல் தடித்து வெடிப்பது. கடைசி அடையாளத்துக்கு 'மெக்கானிக் கை' என்றே மருத்துவப் பெயர். இந்தக் கூட்டத்துக்கு ஆன்டி-சின்தெட்டேஸ் நோய்த்தொகுதி என்ற தனிப் பெயர் வந்தது. அனாமத்துக் கணக்கிலிருந்து முதல் பெரிய தொகை வெளியேறியது.

இங்கே தான் விஷயம் தீவிரமாகிறது. இவர்களில் சிலருக்குத் தசை பலவீனம் தெரிவதே இல்லை. வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் மட்டும். போவது நெஞ்சு மருத்துவரிடம். அவர் ஏ.என்.ஏ. எழுதிக் கொடுத்தால் அதில் ஒன்றும் இல்லை என்று வரலாம். ஏனென்றால் அந்தச் சோதனை தேடுவது உட்கருவை, இந்த நொதிகள் இருப்பதோ உட்கருவுக்கு வெளியே. சரியான சோதனையைக் கேட்காவிட்டால் நோய் கையில் அகப்படாது.

212 பேர்

1986ல் வெஸ்ட்லி ரீவ்ஸ், குந்தர் ப்ளோபல் உள்ளிட்டோர் எஸ்ஆர்பி என்ற துகளைத் தாக்கும் எதிர்ப்பொருளைக் கண்டறிந்தார்கள். புதிதாகத் தயாராகும் புரதத்தைச் செல்லுக்குள் சரியான இடத்துக்கு வழிகாட்டும் துகள் அது. இந்த எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்குத் தசை இழைகள் கடுமையாக அழிகின்றன. ஆனால் தசைத் துண்டைப் பார்த்தால் அழற்சி அணுக்கள் மிகக் குறைவு. (ப்ளோபல் புரதங்களின் வழிகாட்டுதல் பற்றிய ஆய்வுக்காக 1999ல் நோபல் பரிசு பெற்றார்.)

1991ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் லோரி லவ், ஃப்ரெடெரிக் மில்லர் முதலியோர் 212 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தார்கள். பழைய முறைப்படி பெயர் வைத்துப் பிரித்தார்கள், எதிர்ப்பொருள்படியும் பிரித்தார்கள். எதிர்ப்பொருள்படி பிரித்த குழுக்களில் தான் நோயாளிகள் ஒருவருக்கொருவர் அதிகம் ஒத்திருந்தார்கள். யாருக்கு நுரையீரல் கெடும், யாருக்கு மருந்து வேலை செய்யும் என்பதையும் அதுவே நன்றாகச் சொன்னது. இந்த வரலாற்றின் திருப்புமுனை என்று இதைச் சொல்லலாம்.

எழுத்து போய் எண் வந்தது

ஆய்வக முறைகள் மாறின. வெள்ளைக் கோட்டுக்குப் பதிலாகப் பிடிபட்ட புரதத்தின் எடையை அளக்க முடிந்தது. பெயர்களும் மாறின.

*140:* 2005ல் ஜப்பானின் ஷின்ஜி சாட்டோவும் குழுவினரும் 140 என்ற எடை கொண்ட புரதத்தைத் தாக்கும் எதிர்ப்பொருளை அறிவித்தார்கள். தோலில் தடிப்பு இருக்கும், ஆனால் தசை பலவீனம் அநேகமாக இல்லாத நோயாளிகளிடம் கிடைத்தது. பார்க்கச் சாதுவான வகை. ஆனால் இவர்களில் கணிசமானோருக்கு நுரையீரல் சில வாரங்களிலேயே செயலிழந்து உயிர் போகும் ஆபத்து இருந்தது. வைரஸின் ஆர்.என்.ஏ.வை மோப்பம் பிடிக்கும் எம்டிஏ-5 என்ற புரதம் தான் அந்த 140 என்று 2009ல் தெரிந்தது. இப்போது இந்த எதிர்ப்பொருள் தெரிந்தால் மருத்துவர்கள் நாள் கடத்துவதில்லை.

*155:* 2006ல் அமெரிக்காவிலும் 2007ல் ஜப்பானிலும் 155 எடை கொண்ட புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் விவரிக்கப்பட்டது. டிஃப்-1 காமா என்று பின்னர் அடையாளம் காணப்பட்டது. நடுத்தர வயதைக் கடந்தவரிடம் இது இருந்தால் உடலில் எங்காவது புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும். 1916ன் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. ஆனால் இதே எதிர்ப்பொருள் குழந்தைகளிடமும் சாதாரணமாகக் காணப்படுகிறது, அவர்களுக்கோ புற்றுநோய்த் தொடர்பு இல்லை. ஒரே சாட்சி, ஆளுக்கு ஏற்ப வேறு சாட்சியம்!

*200/100:* 2010ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் லிசா கிறிஸ்டோஃபர்-ஸ்டைன், ஆண்ட்ரூ மாமன் முதலியோர் 200, 100 எடை கொண்ட இரண்டு புரதங்களைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை விவரித்தார்கள். அந்த நோயாளிகளில் பலர் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டவர்கள். 2011ல் குறி எது என்று தெரிந்தது. ஸ்டாட்டின் எந்த நொதியை அடக்குகிறதோ அதே எச்எம்ஜிசிஆர் நொதி!

ஸ்டாட்டினால் வரும் சாதாரணத் தசைவலி மாத்திரையை நிறுத்தினால் போய்விடும். இது போகாது. நிறுத்திய பிறகும் உடல் தாக்கிக்கொண்டே இருக்கும், எதிர்ப்புச் சக்தியைக் கட்டுப்படுத்தும் சிகிச்சை தேவை. எதிர்ப்பொருளைத் தேடாவிட்டால், 'மாத்திரையைத் தான் நிறுத்தியாயிற்றே' என்று நோயாளி மாதக்கணக்கில் பலம் இழந்துகொண்டே காத்திருப்பார். அதற்காக ஸ்டாட்டின் சாப்பிடுவோர் பயந்து தாங்களாகவே நிறுத்தக் கூடாது. லட்சத்தில் ஒரு சிலருக்கே இது வருகிறது, மாரடைப்பிலிருந்து அந்த மாத்திரை காப்பாற்றுபவர்களோ ஏராளம். ஸ்டாட்டினையே தொடாதவர்களிடமும் இந்த எதிர்ப்பொருள் காணப்படுவதுண்டு.

அனாமத்துக் கணக்கு தீர்ந்ததா?

2018ல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் 260 நோயாளிகளின் விவரங்களைக் கணினியிடம் கொடுத்து, தானாகவே குழு பிரிக்க விட்டார்கள். நான்கு குழுக்கள் வந்தன. தோல்-தசை அழற்சி, ஆன்டி-சின்தெட்டேஸ், தசை இழைகள் அழியும் வகை, வயதானவர்களிடம் மெதுவாக வரும் இன்க்ளூஷன் பாடி வகை. பாலிமயோசைட்டிஸ் என்று தனிக் குழு வரவே இல்லை. 130 ஆண்டு காலப் பெயர் காலியாகிவிட்டது. இன்றும் அந்தச் சீட்டு ஒட்டப்படும் நோயாளிகள் உண்டு. ஆனால் எண்ணிக்கை சுருங்கிக்கொண்டே வருகிறது.

இருந்தும் அதிகாரபூர்வமான விதிகள் மெதுவாகத் தான் நகர்கின்றன. ஐரோப்பிய, அமெரிக்க மூட்டுவாத அமைப்புகள் சேர்ந்து 2017ல் வெளியிட்ட வகைப்பாட்டில் இடம்பெற்ற ஒரே எதிர்ப்பொருள் ஜோ-1 மட்டும் தான்.

மெதுவாக நகர்வதற்கும் நியாயம் இருக்கிறது. இப்போது பல ஆய்வகங்களில் ஒரே பட்டையில் பத்துக்கும் மேற்பட்ட எதிர்ப்பொருள்களைத் தேடிவிடுகிறார்கள். மங்கலாக ஒரு கோடு தெரிந்தாலே நோய் என்று அர்த்தமில்லை. பொய்க் கோடுகள் வருவதுண்டு. சில எதிர்ப்பொருள்களைப் பட்டை தவற விடுவதும் உண்டு. நோயாளியைப் பார்க்காமல் கோட்டை மட்டும் பார்த்தால், பழைய தவறுக்குப் பதில் புதிய தவறு வரும். ரசீது இருக்கிறது என்பதற்காகச் சரக்கை எண்ணிப் பார்க்காமல் விடலாமா?

கடைசியாக ஒரு பெரிய கேள்வி. இந்த எதிர்ப்பொருள்கள் நோய் நடந்ததைச் சொல்லும் சாட்சிகளா, அல்லது நோயைச் செய்யும் குற்றவாளிகளா? இவற்றின் குறிகள் பெரும்பாலும் செல்லுக்குள்ளே இருக்கின்றன, எதிர்ப்பொருள் செல்லுக்குள் நுழையாது என்பதால் சாட்சிகள் தான் என்று பலரும் நினைத்தார்கள். 2024ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் நோயாளிகளின் தசை இழைகளுக்குள்ளேயே எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் காட்டினார்கள். அவற்றை ஆய்வகத் தசைச் செல்களுக்குள் செலுத்தியபோது நோயில் காணப்படும் மாற்றங்கள் அங்கேயும் தோன்றின. உதாரணமாக மி-2 புரதம் அடக்கி வைத்திருக்க வேண்டிய மரபணுக்கள் விழித்துக்கொண்டன. சாட்சிக் கூண்டில் நின்றவரைக் குற்றவாளிக் கூண்டுக்கு மாற்ற வேண்டி வரும் போலிருக்கிறது. அது உறுதியானால், எதிர்ப்பொருளைத் தயாரிக்கும் அணுக்களையே குறிவைக்கும் சிகிச்சைக்கு வலு கூடும்.

இந்த வரலாற்றில் நோபல் பெற்றவர்கள் இருக்கிறார்கள், பெரிய ஆய்வகங்கள் இருக்கின்றன. ஆனால் தினமும் உலகின் ஏதோ ஒரு மருத்துவமனைக் காகிதத்தில் அச்சாகிக்கொண்டிருப்பது அவர்கள் பெயர் அல்ல. மி, ஜோ, ஓஜே, ஈஜே, கேஎஸ். கையைத் தூக்க முடியாமல் வந்து, ஒரு குழாய் இரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர்களின் எழுத்துகள். அவர்கள் கொடுத்த இரத்தத்தால் தான் இன்று யாரோ ஒருவருடைய நுரையீரலை நேரத்தோடு பரிசோதிக்கிறார்கள், இன்னொருவருடைய புற்றுநோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள்.